பிறந்த வீட்டுப் பேய்

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணேசமூர்த்தி சாமி வந்து உட்கார்ந்ததிலிருந்து சுற்றுவட்டார டாக்டர்மாருக்கு நல்ல ஓய்வு. ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டமான கூட்டம். மருமகள் சாப்பிடவில்லையா? சாமி. தனியாக உட்கார்ந்து அழுகிறாளா? சாமி. எல்லாவற்றுக்கும் அவர் கண்டுபிடித்த காரணம் ஒன்றுதான்: பிறந்த வீட்டுப் பேய். பெண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்து, புகுந்த வீட்டில் அவளை வாழவிடாதாம். மருந்து? தாய்வீட்டு உறவை அறுத்துவிட வேண்டும். போன் கூடாது, போக்குவரத்து கூடாது. காணிக்கைக்கு மட்டும் தடையில்லை.

காளியாயியின் மருமகள் ஜெயந்தினியும் இப்படித்தான் மாட்டினாள். புருஷன் ஜீவராஜ் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்குத்தான் முகம் காட்டுவான். பேச்சுத்துணை இல்லாத லயத்து வீட்டில் பிள்ளை இளைத்துப்போனாள். காளியாயி கெட்டவள் அல்ல, பயந்தவள். சாமி சொன்னபடி மருமகளின் போனை வாங்கி வைத்துக்கொண்டாள். பிள்ளை இன்னும் இளைத்தாள். பேய் முரண்டு பிடிக்கிறது என்றார் சாமி. அடுத்த ஞாயிறு, இனித் தாய்வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தால் ஓடிவிடுமாம்.

அந்த ஞாயிறு காலையில், மகளிடமிருந்து பேச்சுமூச்சில்லையே என்று பதறிப்போய், பொல்பிட்டியவிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றாள் தாய் வேலாயி. சாமியின் கொட்டகையில் இடம் பிடிக்கக் காளியாயி முன்னாலேயே போயிருந்தாள். மகள் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனாலும் சாமியை நம்பாமலிருக்க அவளால் முடியவில்லை. பிறந்த ஊர், அண்ணன் கட்டாருக்கு வேலைக்குப் போனது என்று எல்லாவற்றையும் போன தடவை புட்டுப்புட்டு வைத்தாராம்.

"நீ யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"யாருகிட்டயும் இல்லம்மா. போற வழியில ஆட்டோக்கார அண்ணன்தான் சும்மா கேட்டாரு."

வேலாயி "ஓகோ" என்றாள்.

சாமியிடம் போக இருவரும் ஏறியதும், ஆட்டோக்காரப் பிரதாப் அன்றைக்கும் சும்மாதான் கேட்டான். வேலாயி தன்னை ஊர்க்காரி என்று சொல்லிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். பாவம், இந்தப் பிள்ளையின் அம்மா போன வாரம் மஞ்சள்காமாலையில் போய்ச்சேர்ந்துவிட்டாள் என்று விலாவாரியாகச் சொன்னாள். மகளின் வீங்கிய கண்ணே அதற்குச் சாட்சி. இருவரையும் இறக்கிவிட்டுப் பிரதாப் நேராகச் சாமியின் கொட்டகைக்குப் பின்பக்கம் போனான்.

சாமி உடுக்கையை உலுக்கினார், கண்ணை உருட்டினார்.

"தெரியுதுடி! போன வாரம் செத்த உன் ஆத்தா, மஞ்சள் பூத்த கண்ணோட உன் முதுகுக்குப் பின்னால நிக்கிறா. இப்பவே அறுக்கலன்னா உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருவா!"

காளியாயி நிமிர்ந்து பார்த்தாள். மருமகளின் முதுகுக்குப் பின்னால் சம்பந்தியம்மா வெற்றிலை மென்றுகொண்டு நின்றாள்.

"நிக்கிறது சரிதாங்க சாமி," என்றாள் வேலாயி. "செத்ததுதான் எனக்கே தெரியாதுங்க. காலையிலகூட ரெண்டு ரொட்டி தின்னேன்."

கூட்டம் கொஞ்சம் முழித்தது. அப்புறம் சிரித்தது பாருங்கள்! காளியாயி மட்டும் சிரிக்கவில்லை. இவள் என் சம்பந்தி, இவள்தான் பெற்றவள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். உயிரோடு திரியும் ஆவியும் உண்டு என்று சாமி ஏதோ ஆரம்பித்தார். வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"அப்ப நான் எட்டு மாசமா எங்கம்மாகூடப் பேசாம இருக்கேனே, அது எதுக்குங்க?"

கேட்டுவிட்டு அங்கேயே அழுதாள். யாரும் சிரிக்கவில்லை. சாமிக்குப் பதில் வரவில்லை, ஆட்டோதான் வந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறியவரைச் சனங்கள் கூட்டமாகத் துரத்தினார்கள்.

காளியாயி சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாளு இருந்துட்டுப் போ சம்பந்தி. புள்ள சாப்பிடட்டும்."

அன்று மத்தியானம் ஜெயந்தினி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கித் தின்றாள். பேய்தான் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பு ஊற்றியது.

மகாசனங்களே, வீட்டுக்கு வந்த பெண் வாடிக்கிடந்தால், என்னம்மா ஆச்சு என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். அதற்குக் காணிக்கை கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஒருத்தரும் கேட்பதில்லை.