கரண்ட் போனாலும் அழியாத வரன்

எனக்குப் பகற்கனவு காணும் வியாதி உண்டு. வேலை நேரத்தில்தான் அது முற்றும். இருபத்து நான்கு வயதில் ஒருமுறை அது என்னை ஊர் முன்னால் நிறுத்திவிட்டது.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு, திருநகரில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். நோட்டுகளில் கிடந்த வரன்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆசைப்பட்டார் உரிமையாளர் குபேந்திரன் அண்ணன். அங்கே இருந்த கம்ப்யூட்டர்களோ பழைய விண்டோஸ் ஒன்று, புதிய விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று, போட்டோ வேலைக்கு ஒரு மேக். நாலும் நாலு ஜாதி. (வரன் பார்க்கிற இடத்தில் கேட்கவா வேண்டும்!) நாலில் எது கேட்டாலும் வரனை எடுத்துக்கொடுக்க நடுவில் ஒரு டேட்டாபேஸ் சர்வர் வேண்டும். நம்பகமானதாகத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு.

"கரண்டு எப்பப் போகும்னு தெரியாதும்மா. எம்புட்டுத் தடவ போனாலும் ஒரு வரன்கூட அழியக் கூடாது" என்றார் அண்ணன்.

மூன்று மென்பொருட்களைச் சோதித்தேன். சோதிக்க ஒரு பொய் வரன் வேண்டுமே? மதிய நேரம். வேப்பமர நிழல் மேஜைமேல் ஆடிக்கொண்டிருந்தது. திருமங்கலம் ரோட்டு இரைச்சல்கூட எங்கோ மழை பெய்வதுபோலக் கேட்டது. விரல்கள் தாமாக என் பெயரையே அடித்தன. வீட்டுத் தொலைபேசி எண்ணையும். 'எதிர்பார்ப்பு' என்ற கட்டத்தில், 'மழை வந்தால் வேலையை விட்டு ஜன்னலுக்கு வருபவர். பேசாமல் கூடவே நிற்கத் தெரிந்தவர். கையைப் பிடிப்பது கட்டாயமில்லை. பிடித்தால் நல்லது' என்று எழுதினேன்.

எழுதி முடித்த கணமே மெயின் சுவிட்சை அணைப்பேன். முதல் இரண்டும் என்னைத் தொலைத்துவிட்டன. மூன்றாவதில், எத்தனை முறை அணைத்தாலும் நாலு திரையிலும் முழுசாக எழுந்து வந்தேன். சொக்கிப்போய் அதையே தேர்ந்தெடுத்தேன். என்னை அழிக்கத்தான் மறந்துவிட்டேன்.

திறப்பு விழா. கூடம் நிறைய ஆட்கள். மகளின் பெருமையைப் பார்க்க அப்பாவும் வந்திருந்தார். பேரையூர்க்காரர் ஒருவர் எழுந்து, "எங்க தம்பிக்குக் கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு இருக்கா?" என்று கேட்டார். அண்ணன் நாலு கம்ப்யூட்டரிலும் கம்பீரமாகத் தட்டினார்.

நாலு திரையிலும் நான்.

பேரையூர்க்காரர் எழுத்துக்கூட்டி உரக்கவே படித்தார். "...பிடித்தால் நல்லது."

"ஏத்தா, இது நம்ம வீட்டு நம்பருல்ல?" என்றார் அப்பா.

பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தேன். நாலு திரையும் இருண்டன. போன உயிர் திரும்பியது. அண்ணனோ பூரித்துப்போனார்.

"பாத்தீகளா! வேணும்னே கரண்ட நிறுத்திக் காட்டுது நம்ம பொண்ணு. இப்பப் பாருங்க, ஒரு எழுத்து அழிஞ்சிருக்காது!"

சுவிட்சைப் போட்டு, மறுபடி தட்டினார். அழியவில்லை. கூடமே கைதட்டியது.

அன்று சாயங்காலமே என்னை அழித்துவிட்டேன். ஆனால் எங்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ. இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாகி, தலைதீபாவளிக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தோம். காலையிலேயே போன் அடித்தது. எண்ணெய் வழியும் தலையோடு என் கணவர் எடுத்தார்.

"அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளை பாக்குறீகளா?" என்றது ஒரு குரல்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க எந்த ஊரு?" என்றார்.

இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை முற்றினால் அவர் பேச்சை நிறுத்திவிட்டுப் போனைக் கையில் எடுப்பார். உள்ளேயிருந்து எங்கள் மகள் குரல் கொடுப்பாள்: "நீங்க எந்த ஊரு?"