சும்மா இருந்த தட்டு

ஒலி பட்ட தட்டில் ஒன்றுமில்லை. சும்மா இருந்த தட்டில் படிகம் முளைத்திருந்தது. ஆராய்ச்சிக்காரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே கதைதான்.

இரண்டிலும் ஒரே புரோட்டீன் கரைசல். காதுக்கு எட்டாத அல்ட்ராசவுண்ட் கொடுத்தால் புரோட்டீன் சீக்கிரம் படிகமாகும் என்பது அவளுடைய மூன்று வருடப் பிடிவாதம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு தட்டைச் சும்மா விட்டிருந்தாள்.

"மேசை வழியா அதிர்வு இங்கயும் வந்திருக்கும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டு தட்டிலும் புதுக் கரைசல் சொட்டி, சும்மா தட்டைக் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோனாள். ஸ்டோர்கீப்பர் ஒரு அலமாரியையே காலிசெய்து கொடுத்தார்.

மேலே வந்து ஒலியைக் கூட்டினாள். சொட்டுகள் பால் திரிந்ததுபோல் கலங்கின. இன்னும் கூட்டினாள். தட்டே சூடாகிவிட்டது. ஸ்டோர் ரூமிலோ, முன்னைவிடப் பெரிய படிகங்கள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

வீட்டில் புலம்பினாள்.

"சும்மா விட்டா ஒழுங்கா இருக்குதுன்னா ஏம்மா அத நோண்டற? நானும் அப்படித்தான்" என்றார் கணவர்.

வியாழக்கிழமை, ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் கமிட்டி. இயக்குநர் முன்னதாகவே கூப்பிட்டார்.

"எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க. சும்மா வெச்சாலே வருதே, சத்தம் எதுக்கு?"

"இன்னும் ஒரே ஒரு தடவை சார்..."

"வேண்டாம்மா. ஒலியால பயனில்லன்னு எழுதிக் குடுத்துடு. மெஷின அடுத்த லேபுக்குக் குடுத்துடலாம்."

மூன்று வருடம் நம்பியதைத் தன் கையாலேயே பொய் என்று எழுதுவது வலித்தது. ஆனாலும் கண்ணால் கண்டதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இயக்குநர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்த அதிசயத் தட்டைப் பார்க்க அவளோடு கீழே வந்தார்.

"நல்லாப் பாத்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றிண்ணே" என்றாள் அவள் ஸ்டோர்கீப்பரிடம்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதுக்கென்னம்மா நன்றி! எலி வந்து தட்டி விட்டுடுமோன்னு, நீங்க வெச்ச அன்னிக்கே பலகைக்கு அடியில எலி விரட்டுற மெஷின மாட்டிட்டேன். ராப்பகலா கத்திட்டே இருக்கு, நம்ம காதுக்குத்தான் கேக்காது."