சீனாவுக்கு ஆணி அனுப்பப் போன காக்கா

கல்முனையில் மனிதர்களை முகம் பார்த்து அல்ல, ஆணி பார்த்து எடைபோட்ட ஒரே ஆள், ஊரே அண்ணன் முறையில் கூப்பிட்ட எங்கள் ஆணிக் காக்காதான். ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கண் கூரைக்கு ஏறிவிடும். மூத்த மகனுக்குப் பேசி வந்த ஒரு நல்ல சம்பந்தத்தை, "அவங்கட கதவு நிலையில எல்லாம் துருப்பிடிச்ச ஆணி. ஒண்டையும் கவனிக்கிற ஆக்கள் இல்ல" என்று சொல்லித் தட்டிவிட்டவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது முகத்தை மேலே தூக்கியபடியே இருப்பார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்து நெகிழ்ந்துபோவார்கள். அவர் கூரைப் பலகையில் எங்கே ஆணி தளர்ந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார். தொழுகை முடிந்ததும் ஏணி கொண்டுவரச் சொல்லி நிர்வாகத்தாருடன் சண்டைபிடிப்பார்.

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் கரையோரத்துக் கூரைகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, ஊரே வீடு கட்ட ஆணி தேடி அலைந்தது. அந்த நேரத்தில் அவர் கொழும்பில் பழைய மெஷின்கள் மூன்றை வாங்கி லொறியில் ஏற்றிவந்து எங்கள் மதிலுக்கு அப்பால் நட்டார். ஒரு பக்கத்தால் கம்பிச் சுருள் உள்ளே போகும். மறுபக்கத்தால் ஆணி கொட்டும். நடுவில் நடப்பது வெறும் சத்தம். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் ஓயும். அந்தச் சத்தத்துக்குள் வாழ்ந்து எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கத்தித்தான் கதைப்போம். என் கலியாணப் பேச்சுக்கு மாவடிப்பள்ளியிலிருந்து வந்த பெரியவர்கள், என் வாப்பா "தேத்தண்ணி குடியுங்க" என்றதும் பயந்து எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்களைத் திரும்ப உட்காரவைக்க அரை மணி நேரம் ஆனது.

மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர் அடுத்த தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த சின்னராசா. தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்தவற்றுக்குப் பிறகு, அந்த ஊரும் எங்கள் ஊரும் ஒன்றையொன்று நேரே பார்க்கப் பயந்திருந்த மாதங்களில், அவரும் வரவில்லை. அவர் ஓட்டிய மெஷினைக் காக்கா யாரையும் தொட விடவில்லை.

"அது அவன்ட கைக்குப் பழகினது. கண்ட ஆளும் தொட்டாக் கோவிக்கும்" என்றார்.

ஒரு காலையில் சின்னராசா சைக்கிளில் வந்து இறங்கினார். காக்கா எண்ணெய்க் குவளையை எடுத்து நீட்டினார். சற்று நேரத்தில் மூன்றாவது மெஷினும் ஓடும் சத்தம் கேட்டது. என் உம்மா குசினிக்குள் இருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தினா.

யுத்தத்தைத் தாக்குப்பிடித்த மெஷின்களை நிறுத்த ஒரு சின்னக் கடதாசிப் பெட்டி போதுமாக இருந்தது. சந்தைகளையெல்லாம் திறந்துவிட்டார்கள், சாமான் தாராளமாக வரும் என்று பத்திரிகையில் படித்துச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பிரதான வீதி ஹாட்வெயார் ஹாஜியாரின் கடைக்கு அந்தப் பெட்டிகளில் சீன ஆணி வந்து சேர்ந்தது. ஆணிகள் மீன் செதில் மாதிரி மினுங்கின. காக்காவின் ஆணியை விட விலையும் நன்றாகக் குறைவு.

காக்கா வைரம் பாய்ந்த ஒரு பாலை மரக்கட்டையைத் தோளிலும் சுத்தியலைக் கையிலும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் போனோம். கடை வாசலில் கட்டையை வைத்துச் சீன ஆணியை நிறுத்தி ஓங்கி அடித்தார். அது தொழுகையில் குனிவதைப் போல வளைந்தது. பிறகு தன்னுடைய ஆணியை அடித்தார். நேரே இறங்கியது. கூட்டம் சிரித்தது. காக்கா ஹாஜியாரைப் பார்த்தார்.

ஹாஜியார் கோபிக்கவில்லை. மிகவும் தன்மையான மனிதர்.

"சரிதான் காக்கா. ஆனா இப்ப ஆரு பாலையில வீடு கட்டுறாங்க? காட்டுக்குள்ள போய் மரம் வெட்ட ஏலுமா? எல்லாம் லேசுப் பலகை. அதுக்கு இந்த ஆணி போதும்தானே?"

காக்கா கட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். போகும்போது எங்களுக்கு இருந்த உற்சாகம் வரும்போது இல்லை.

அடுத்ததாகக் கொழும்புக்குப் போனார். ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் முறைப்பாடு சொல்ல வேண்டும் என்று ஒரு பை நிறைய மாதிரி ஆணிகளோடு பஸ் ஏறினார். அந்தக் காலத்தில் பை நிறைய இரும்போடு பஸ் ஏறுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். மறித்த இடமெல்லாம் ஆமிக்காரர் பையைக் கொட்டினார்கள். கொட்டிய இடமெல்லாம் இவர் குந்தியிருந்து பொறுக்கினார். நேரமாகிறதே என்று பயணிகளும் இறங்கிக் கூடப் பொறுக்கினார்களாம். "அவ்வளவு சாவடியும் தாண்டி ஒரு ஆணி குறையல்ல" என்பதைத்தான் திரும்பி வந்ததும் முதலில் சொன்னார்.

"கந்தோர்ல என்ன சொன்னாங்க காக்கா?" என்று கேட்டேன்.

"நல்ல மனிசன். இருக்கச் சொன்னாரு. இது திறந்த பொருளாதாரமாம். அவங்கட ஆணி இஞ்ச வாற மாதிரி எங்கட ஆணியும் அங்க போகலாமாம். தடையே இல்லயாம்."

அந்த அதிகாரி ஆளைக் கழற்றிவிடச் சொன்ன வார்த்தை அது என்று எங்களுக்கெல்லாம் விளங்கியது. காக்காவுக்கு விளங்கவில்லை. ஒரு கிழமை கழித்து, சாக்குத் துணியில் தைத்த ஒரு பார்சலோடு தபால் கந்தோரில் நின்றார். நான் முத்திரை வாங்கப் போயிருந்தேன்.

"எங்க அனுப்ப?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"சீனாவுக்கு."

"சீனாவில எங்க?"

காக்கா யோசித்தார். "ஆணி செய்யிற ஊருக்கு. அவங்க பாக்கட்டும்."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. "ஊர்ப் பேர் ஒண்டு வேணும் காக்கா. பேர் கிடைச்ச உடன கொண்டு வாங்க, நானே அனுப்பிவைக்கிறன்" என்றார். அந்தப் பார்சல் காக்காவின் முன்மண்டபத்தில் பல நாள் கிடந்தது. வருகிறவர்களிடமெல்லாம் சீனாவில் ஊர்ப் பெயர் தெரியுமா என்று கேட்பார். நான் படிப்பித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்காக அட்லஸைப் பார்த்து வாயில் நுழையாத பெயர்களைச் சொல்வார்கள். "அங்க ஆணி செய்யிறாங்களா?" என்று கேட்பார். பிள்ளைகள் முழிப்பார்கள்.

உண்மையைச் சொல்லும் வேலை கடைசியில் சின்னராசாவின் தலையில் விழுந்தது. கம்பிச் சுருளோடு லொறி வந்து நின்ற ஒரு மத்தியானம். விலை மறுபடியும் ஏறியிருந்தது. மதிலுக்கு இப்பால் நான் கிணற்றடியில் நின்றேன்.

"முதலாளி, நாங்க கம்பி வாங்கிற விலைக்கே அவங்கட ஆணி வருகுது" என்றார் சின்னராசா. "இந்தக் கம்பிய அப்படியே வித்தாலும் நட்டம் குறைவு. அதை ஆணியாக்கினா நட்டம் கூட. நாங்க வேலை செய்யச் செய்யத்தான் தோத்துக்கொண்டு போறம்."

"நாங்க பிழையாச் செய்யிறமா?"

"இல்ல முதலாளி. ஒரு பிழையும் இல்ல."

அதுதான் அவரை உடைத்தது. பிழை இருந்தால் திருத்தியிருப்பார்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி மெஷின் நின்ற அன்று உம்மா பகல் நித்திரை வராமல் எழுந்து வந்து, "ஏன் இப்பிடிச் சத்தமில்லாம கெடக்கு?" என்றா. வாப்பா "காக்கா மூடிட்டாரு" என்று கத்திச் சொன்னார். அது ஒழுங்கை முழுதும் கேட்டது. தன் குரல் தனக்கே கேட்டு வெட்கப்பட்டு உள்ளே போனார். அதன் பிறகு எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் எல்லோரும் மையித்துக் கிடக்கிற சாவு வீட்டில் போல மெல்லக் கதைத்தோம்.

வேலையாட்களை அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒவ்வொருவரையும் தானே கூட்டிக்கொண்டு வேலை கேட்கப் போனார். சின்னராசாவைக் கூட்டிக்கொண்டு போனது ஹாஜியாரின் கடைக்கு.

"இவனுக்கு ஆணியப் பத்தித் தெரியும். ஒங்களுக்குத் தெரியாது. சேர்த்துக்கங்க" என்றார்.

சிபாரிசு என்றால் காக்காவுக்கு அவ்வளவுதான் தெரியும். ஹாஜியார் சேர்த்துக்கொண்டார்.

மெஷின்களைப் பழைய இரும்புக்காரர் நிறுத்து எடுத்தார். லொறியில் ஏற்றும்போது காக்கா பக்கத்தில் நின்று, "அந்தப் பக்கத்தால தூக்காதீங்க, அச்சு வளையும்" என்று பதறினார். உருக்கப் போகிற சாமானுக்கு அச்சு வளைந்தால் என்ன என்று ஏற்றிய ஆட்கள் கேட்கவில்லை. அவர் சொன்ன பக்கத்தாலேயே தூக்கினார்கள்.

"இதெல்லாம் எங்க போகும்?" என்று கேட்டார் காக்கா.

"கப்பல்ல போகும் காக்கா. இந்தியா, சீனா, எங்க விலை இரிக்கோ அங்க."

"அப்ப ஆணியாத் திரும்பி வரும்" என்றார். சிரிக்கலாமா என்று நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை.

பிறகு மெஷின்கள் நின்ற கட்டடத்தின் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு கடை போட்டார். வேறு தொழில் தெரியாது. ஆகவே சீன ஆணி விற்றார். இப்படி ஒரு வியாபாரத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அரை றாத்தல் ஆணி கேட்டு வருகிறவனிடம், "என்னத்துக்கு?" என்பார். சாமான் வைக்கிற ராக்கைக்கு என்றால் கொடுப்பார். கொடுக்கும்போதே, "இது வளையும், பாத்து அடிங்க" என்பார். பாதிப் பேர் வாங்காமலே போய்விடுவார்கள். கூரைக்கு என்று சொல்லிவிட்டால் சீன ஆணியைத் தரவே மாட்டார். உள்ளே போய்த் தன்னுடைய பழைய ஆணியில் அள்ளிக் கொண்டுவந்து, சீன ஆணியின் விலைக்கே கொடுப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹாஜியாரின் கடைக்குக் கூரை ஆணி வாங்கப் போகிறவர்களிடம் சின்னராசா குரலைத் தாழ்த்தி, "கூரைக்கெண்டா கடற்கரைப் பக்கம் காக்காட்டப் போங்க" என்று சொல்லி அனுப்புவார். ஹாஜியாருக்கு அது தெரியும். தெரியாத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மிச்சமிருந்த பழைய ஆணிப் பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசிப் பெட்டி பெரியநீலாவணையிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் புது வீட்டுக்குப் போனது. அன்றைக்கே காக்கா கடையை மூடினார். வெளிநாட்டிலிருந்த மகன் செலவுக்கு அனுப்பினான். சாப்பாட்டுக்குக் குறையில்லை.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, பூட்டிய கடைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். அவரிடம் மாட்டினால் ஆணியைப் பற்றி ஒரு மணி நேரம் போய்விடும் என்பதால், சைக்கிளை மிதித்து விரைந்து கடப்பதுதான் எங்கள் எல்லோருடைய பழக்கம். அன்று அவர் மறிக்கவில்லை. "உம்மா சுகமா?" என்று மட்டும் கேட்டார். அவர் என்னிடம் மனிதர்களைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சைக்கிளை மதிலில் சாய்த்தேன்.

"காக்கா, மூணு இஞ்சு ஆணிக்கு எந்தக் கம்பி நல்லம்?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து, உள்ளேயிருந்து இன்னொரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து போட்டார். பள்ளிக்கூட மணி அடிப்பது எங்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்டது. நான் கதிரையை அவருக்குக் கொஞ்சம் கிட்ட நகர்த்திக்கொண்டேன்.