போர்டில் எனக்கும் ஒரு இடம்

என் மனைவியின் புதுக்கடை போர்டில் நான் இருந்தே தீருவது என்று முடிவெடுத்தேன். யார் தடுத்தாலும் சரி. தடுக்கப்போவது யார் என்று தெரிந்தே எடுத்த முடிவு என்பதால், இதை வீரக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. நான் ஒரு அச்சகத்தில் டிசைனர். இந்தத் தெருவில் பாதிக் கடைகளின் போர்டு என் கைவேலை. ஆனாலும் எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "நீங்க டெய்லரம்மா வீட்டுக்காரர்தானே?" பல் டாக்டர்கூட அப்படித்தான் கேட்டார். அதுவும் என் வாயைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கென்று ஒரு தொழில் இருக்கிறது என்று சொல்லவாவது விட்டாரா மனுஷன்?

வீட்டு முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தவள் இப்போது மெயின் ரோட்டில் கடை எடுத்திருக்கிறாள். பத்தடி போர்டு. பின்னால் கடையின் போட்டோ, முன்னால் லோகோ: ஒரு ஊசி, அதன் காதில் நுழைந்து சுழலும் நூல். அவள் பென்சிலில் கிறுக்கியதை நான் கம்ப்யூட்டரில் கோடு கோடாக இழுத்துக் கொடுத்தது அது.

கடையைப் போட்டோ எடுத்தது கொழுந்தியாள். அவள் போனைத் தூக்கும்போதெல்லாம், மனைவி தைத்துக் கொடுத்த மஞ்சள் சட்டையில் நான் தற்செயலாக வாசலில் நின்றேன். ஒரு தடவை தற்செயலாகத் தலையும் வாரிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர்டு படத்தை லேப்டாப்பில் மனைவிக்குக் காட்டினேன்.

"என்னங்க, நடுவுல நீங்க எதுக்கு?"

"வாசல் எவ்வளவு உயரம்னு பார்க்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"உயரம் எங்க தெரியுது? அகலம்தான் தெரியுது. போர்டுல ஆளே வேண்டாங்க. நானே இல்லையே. எடுத்துடுங்க."

"எடுத்துடலாம், எடுத்துடலாம்."

அவள் சட்டைப் பட்டன்களுக்குக் காஜா எடுக்கப் போய்விட்டாள். நான் யோசித்தேன். எடுக்க முடிந்தால்தானே எடுக்கச் சொல்வாள்? எடுக்கவே முடியாமல் செய்துவிட்டால்?

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்று சொல்ல வேண்டும். போட்டோ என்பது புள்ளிகளின் கூட்டம். பெரிதாக்கினால் புள்ளியும் வீங்கும். லோகோ அப்படியில்லை. அது கோடு. வெக்டர் என்போம். சுவர் அளவுக்கு இழுத்தாலும் விளிம்பு கலங்காது. அதனால் போட்டோவை அடியில் தனியாக வைத்து, லோகோவைக் கோடாகவே மேலே வைத்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒட்டினால் கோடும் புள்ளியாகிவிடும். சாப்பாட்டு மேஜையில் நான் இதைச் சொல்லாத நாள் கிடையாது. அவள் "ம்" என்பாள். சாதம் போதுமென்று சொல்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட நான், அன்றைக்கு அந்தப் பாவத்தைச் செய்தேன். லோகோவைத் தூக்கி போட்டோவுக்குள் போட்டேன். என் தோளை உரசுகிற மாதிரி வைத்தேன். எல்லா லேயரையும் சேர்த்து ஒரே படமாக்கினேன். இனி என்னைத் தொட்டால் நூல் அறும்.

"மன்னிச்சுக்கம்மா. அவசரத்துல எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. இனி பிரிக்க முடியாது."

"முடியவே முடியாதா?"

"மாவு பிசைஞ்சாச்சு. அதுக்கப்புறம் உப்பை மட்டும் எடுத்துக் குடுன்னா நான் எங்க போவேன்?"

அவள் லேப்டாப்பை இழுத்து, படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"என்னங்க, ஊசியில படிக்கட்டு முளைச்சிருக்கு?"

"அது... கிட்டப் பார்த்தா அப்படித்தான் இருக்கும்."

"நூல் பஞ்சா போச்சு."

"நூலே பஞ்சுலேர்ந்து வந்ததுதானே?"

"கோடுன்னா சுவர் அளவுக்கு இழுத்தாலும் கலங்காதுன்னு ஒருத்தர் தினமும் சொல்லுவாரே?"

அந்த "ம்" எல்லாம் சாதத்துக்கு இல்லை போலிருக்கிறது.

"பத்தடி உயரத்துல யாருக்கும்மா தெரியப்போகுது?"

அவள் என்னைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

கல்யாணமானவர்களுக்குப் புரியும். "முடியாது" என்றால் பேசிப் பார்க்கலாம். "சரிங்க" என்றால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வெற்றி மயக்கத்தில் இருந்த எனக்கு அது உறைக்கவில்லை. போர்டு அடிப்பவருக்குப் படத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

கடை திறக்கும் நாள். நாலு தெரு ஜனமும் அண்ணாந்து பார்க்கப்போகிற முகம் என்பதால் இரண்டு தரம் சவரம் செய்துகொண்டு, அதே மஞ்சள் சட்டையில் போனேன். போர்டை நிமிர்ந்து பார்த்தேன்.

ஊசி பளிச்சென்று நின்றது. ரோட்டின் எதிர்ப் பக்கத்திலிருந்தே ஊசிக் காது தெரிந்தது. நூலின் வளைவில் ஒரு பிசிறு கிடையாது. அதன் பின்னால் கடை, கதவு, மெஷின் எல்லாம் பனி மூடிய மாதிரி மங்கலாக இருந்தன. வாசலில் ஒரு மஞ்சள் தீற்றல் தொங்கியது.

அது நான்.

"இது நான் அனுப்பின படம் இல்லையே!"

"ஆமாங்க. காலர் லேபிளுக்காக முன்னாடி லோகோவைக் கோடாவே அனுப்பி வச்சீங்கல்ல? அது என் போன்ல இருந்துச்சு. போட்டோ தங்கச்சிகிட்ட இருந்துச்சு. ரெண்டையும் போர்டுக்காரர்கிட்ட குடுத்து, போட்டோ அடியில, லோகோ மேல, ஒட்டாதீங்கன்னேன். 'யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது'ன்னு கேட்டார். உங்க பேரைத்தான் சொன்னேன்."

பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருமினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். என்னை ஏன் இப்படிக் கலைச்சு வச்சிருக்க?"

"கலைக்கலீங்க, போட்டோவை மங்கலாக்கத்தான் சொன்னேன். நீங்க அவ்வளவு ஆசைப்பட்டு நின்னீங்க, எடுக்க மனசு வரலை. பின்னாடி மங்கலா இருந்தாத்தான் முன்னாடி லோகோ எடுப்பா தெரியும்னு நீங்கதானே சொல்லுவீங்க? நீங்க பின்னாடிதானே நின்னீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். போர்டையே ரசித்துப் பார்த்தார்.

"பிரமாதம்மா! ஊசி கண்ணுல குத்துது. ஆமா, வாசல்ல மஞ்சளா ஒரு கதவுத்திரை தொங்குதே, நல்ல துணியா இருக்கே. எங்க எடுத்தது?"

மனைவி என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கப்பா பார்த்து எடுத்துக் குடுத்ததுங்க. இத்தனை வருஷமா துவைச்சுத் துவைச்சுப் போடுறேன், இன்னும் கிழியலை."