மிதக்கும் தரையும் அத்தையின் ஒட்டடைக் கம்பும்

மேல்வீடு,
தையல் அறை.

மதிப்புக்குரிய கீழ்வீட்டு அத்தை அவர்களுக்கு, உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்காலும் பல்செட்டும் நலமாக இருக்கின்றனவா? படியிறங்கி வந்தே சொல்லியிருப்பேன். நீங்கள்தான், "இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க, வாய்ப்பேச்சு வேணாம்" என்று சொல்லிவிட்டீர்கள்.

அம்மாவின் தையல் மெஷின் ஓடியபோது உங்கள் பல்செட் கிண்ணத்தோடு நகர்ந்து வந்து அலமாரி விளிம்பில் எட்டிப் பார்த்தது உண்மைதான். அதற்காக நீங்கள் அப்பாவிடம், "மாசக் கடைசிக்குள்ள சத்தம் நிக்கணும், இல்லன்னா மெஷினை வித்துடச் சொல்லு உன் பொண்டாட்டிகிட்ட" என்றீர்கள். அப்பா அதை அப்படியே வந்து ஒப்பித்த நாளிலிருந்து அம்மா ஊருக்கே தைக்கிறார், அப்பா சட்டைக்கு மட்டும் பட்டன் தைப்பதில்லை. அப்பா அலுவலகத்துக்கு ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகிறார். பார்த்தவர்கள் இதய நோய் என்று நினைத்து நாற்காலி போடுகிறார்கள்.

ஆகவே நூலகத்தில் அதிர்வு பற்றிய புத்தகம் எடுத்துப் படித்து, நானே ஒரு மிதக்கும் தரையை வடிவமைத்தேன். தண்ணீரெல்லாம் கிடையாது, பயப்படாதீர்கள். தரைமேல் ரப்பர் கட்டைகள், அவற்றின்மேல் கனமான பலகை, பலகைமேல் மெஷின். ஆட்டத்தை ரப்பர் விழுங்கிவிடும், கீழே விடாது.

முதலில் ரப்பர் பந்துகளைப் பாதியாக வெட்டி வைத்தேன். அவை ரொம்ப மெத்தென்று இருந்ததால் அம்மா மிதித்ததும் பலகை ஒரு பக்கம் சாய்ந்து, மெஷின் ஜன்னலை நோக்கிக் கிளம்பிவிட்டது, அம்மாவும் விடாமல் ஸ்டூலை இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்டே பின்னால் போனார், "பாதித் தையல்ல விட்டா பிசிறடிக்கும்டி!" அடுத்து லாரி உதிரிபாகக் கடையில் வாங்கிய கெட்டி ரப்பர். அது அமுங்கவே மாட்டேன் என்றது. போதிய பாரம் இல்லாவிட்டால் ரப்பர் வேலை செய்யாது என்று புத்தகத்தில் இருக்கிறது, அதனால் அரிசி மூட்டையை ஏற்றினேன், என் புத்தகங்களை ஏற்றினேன், கடைசியில் அப்பாவையும் ஏற்றினேன். அப்பா கேட்டார், "நான் எவ்ளோ நேரம் பாரமா இருக்கணும்?" அம்மா சொன்னார், "புதுசாவா கேக்குறீங்க?"

ஒருவழியாகச் சரியான ரப்பர் கிடைத்தது. அம்மாவுக்கும் மனம் இளகி, அப்பாவின் பட்டனைக் கையில் எடுத்தார். அது உருண்டு, பலகைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் விழுந்தது. மிதக்கும் தரை சுவரைத் தொடவே கூடாது, அதற்கான இடைவெளி அது. நான் பள்ளிக்குப் போன நேரத்தில் அப்பா ஒரு மரச்சட்டத்தைப் பலகையோடும் சுவரோடும் சேர்த்து ஆணி அடித்து அதை மூடிவிட்டார். அம்மா மெஷினை ஓட்டிய மறுநொடியே கீழிருந்து உங்கள் ஒட்டடைக் கம்பு ஒரு முறை இடித்தது. ஒரு இடி என்றால் சத்தம், இரண்டு இடி என்றால் எங்கள் தொட்டி நிரம்பி உங்கள் முற்றத்தில் கொட்டுகிறது என்று எங்களுக்குத் தெரியாதா? நான் வந்து சட்டத்தைப் பிடுங்கினேன்.

அதன் பிறகு அம்மா நாள் முழுக்கத் தைக்கிறார், உங்களிடமிருந்து ஒரு இடிகூட இல்லை! ஆகவே மெஷினை விற்க வேண்டாமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பல்செட் வைத்த இடத்திலேயே நெடுங்காலம் நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் அன்பு மருமகள்.

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் நீங்களே படியேறி வந்துவிட்டீர்கள். அதுவும் தலையிலிருந்து கால்வரை நனைந்து, கையில் பாதிக் கம்போடு. "எல்லாரும் செவிடா? ரெண்டு ரெண்டா இடிச்சுக் கம்பே ஒடிஞ்சு போச்சு! துணியெல்லாம் ரெண்டாந்தரம் நனையுது!" என்றீர்கள். ரப்பர் கீழே போகும் ஆட்டத்தை மட்டுமல்ல, மேலே வரும் இடியையும் விழுங்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா, "அண்ணி, மெஷின் ஓடிட்டேதான் இருந்துது. கேட்டுச்சா?" என்றார். "மெஷின் ஓடினா ஓடட்டும், விக்கவும் வேணாம். நான் கூப்பிட்டா மேல கேக்கணும். அந்தச் சட்டத்தை மறுபடி அடிங்க!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

அப்பா அடித்துவிட்டார். மெஷின் ஓடுகிறது. எங்கள் ஒட்டடைக் கம்பை இத்துடன் இணைத்துள்ளேன். சத்தம் தொந்தரவாக இருந்தால் தயங்காமல் ஒரு முறை இடியுங்கள் அத்தை, இப்போது நன்றாகக் கேட்கும்.