எங்கள் சித்ராதேவி செகண்ட்ஸா?

திருப்பூர்
12.9.2006

தாண்டுவதற்கென்றே கால்கள் வாங்கி வந்தவளும், கொங்கு நாட்டின் ஒரே மின்னலும், என் அக்காள் மகளுமாகிய செல்வி சித்ராதேவிக்கு, தாய்மாமன் தீனதயாளன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். சென்னை ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் நீயும் உன் முழங்கால்களும் சௌக்கியமாயிருக்க சிவன்மலை முருகனை வேண்டுகிறேன்.

உன் அப்பா அர்த்தநாரி மச்சான் எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். விஷயம் ஒன்றுதான். ஓடியது போதும், பெங்களூர் பயிற்சி முகாமுக்குப் போகாமல் ஊருக்குப் பஸ் ஏறு.

எல்லாம் உன் போனால் வந்த வினை. தேசியப் போட்டி முடிந்ததும் கூப்பிட்டு, "மாமா, நானூறு மீட்டர் தடை ஓட்டத்துல செகண்டுங்க" என்றாய். "நம்ம சித்ரா செகண்டு" என்று பனியன் கம்பெனியே அதிரக் கத்தினேன். இந்த ஊரில் செகண்ட்ஸ் என்றால் ஓட்டை விழுந்த பனியன், எண்ணெய்க் கறை பட்ட பனியன், காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் தள்ளிவிடும் பனியன். எனக்குச் சோறு கொண்டுவந்த உன் அம்மா போசியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா தீனா, எம்புள்ளைக்கு எங்கடா சேதாரம்? காலா, கையா?"

"இந்தியாவுலயே ரெண்டாவதா வந்திருக்காக்கா."

"மூடி மறைக்காத. நல்லா இருந்தா எதுக்குடா செகண்ட்ஸ்ல போடறாங்க?"

இருபது வருஷமாக செக்கிங் மேஜை முன் நின்று பழுதான பீஸைத் தள்ளிய உன் அப்பாவுக்கு அர்த்தம் புரிந்தது; மனசுதான் கேட்கவில்லை. "செகண்ட்ஸ சரக்கு வாங்கற எந்த பையரும் தொடமாட்டான் மாப்ளே. புள்ளைய ஊட்டுக்கு வரச் சொல்லு. நம்ம செக்கிங்லயே சேத்துரலாம்" என்றார்.

நான் விடுவேனா? உன் சரித்திரத்தையே அவிழ்த்துவிட்டேன். ஏழாவது படிக்கையில், பனியன் துணியைக் கவ்விக்கொண்டு ஓடிய நாயைத் துரத்தி, நடுவில் நின்ற மொபெட், பார்சல் கட்டு, கட்டிலில் தூங்கிய வாட்ச்மேன் எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் நாயையும் தாண்டிப் போனாய். அது வெட்கப்பட்டு ஊரைவிட்டே போயிற்று. அதைப் பார்த்த பி.டி. டீச்சர்தான் உன்னைத் தடை ஓட்டத்தில் சேர்த்தார். சாமளாபுரம் பள்ளிப் போட்டியில் நீ ஓடிய காற்றில் பக்கத்துத் தறிகளில் நூல் அறுந்தது. மாநிலப் போட்டியில் ஜெயித்த அன்று நொய்யல் சிவப்பாக ஓடியது; சாயத்தண்ணி என்பார்கள், பொறாமைக்காரர்கள். திருமுருகன்பூண்டியில் உனக்குச் சிலை சொல்லப் போனால், "ஓடற மாதிரி செஞ்சா காலு ஒடிஞ்சிருமுங்க, உக்கார வெச்சுரலாமுங்களா?" என்கிறார் சிற்பி. உட்கார்ந்திருக்கும் ஓட்டக்காரி நமக்கெதற்கு என்று திரும்பிவிட்டேன். ஒன்றில் மட்டும் மிகை கிடையாது கண்ணு: கால் நகம் பெயர்ந்த மறுநாளும் துணியைச் சுற்றிக்கொண்டு நீ மைதானத்துக்குப் போனதை நான் பார்த்தேன். அதையும் சொன்னேன்.

மச்சான் அசையவில்லை. "எழுது" என்றார். எழுதிவிட்டேன். வா.

உன்னைக் கண்டதும் தடைகள் தாமாகவே படுத்துக்கொள்ளட்டும் என்று வாழ்த்தும்,
மாமன் தீனதயாளன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, மொதல்ல வந்த புள்ளைக்கும் நம்ம புள்ளைக்கும் எத்தன வித்தியாசம்?"

"கால் செகண்டுங்க மச்சான்."

கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து நீட்டிப் பார்த்தார். பிறகு, "பனியன் அளவுல அரை இஞ்சு கூடக் கொறைய இருந்தா டாலரன்ஸுன்னு பாஸ் பண்ணிர்றோம். கால் செகண்டுக்கா எம்புள்ளையத் தள்ளுவேன்? பாஸுன்னு எழுது மாப்ளே" என்றார்.

ஆகவே மேற்படி கடிதத்தில் 'வா' என்று உள்ள இடங்களில் எல்லாம் 'வராதே' என்று திருத்திப் படித்துக்கொள்.