மாமனாரின் பீச்சாங்குழாய்

"அடைச்சிகிச்சி மாப்ள!"

கொல்லைப்பக்கத்துக் கக்கூஸிலிருந்து மாமனாரின் குரல் வந்தபோது தோமினிக் வாத்தியார் வாயில் ஒரு விள்ளல் இட்லி இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசு வரவில்லை. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"இன்னாங்க இன்னும் ஒக்காந்துனு கீறீங்க? போய்ப் பாருங்க!" என்று அடுப்படியிலிருந்து விரட்டினாள் லில்லி. "நைனா கோவிச்சிகினு கெளம்பிட்டாருன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

வாத்தியார் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்.

தோமினிக் செஞ்சியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர். வகுப்பில் அவர் இருமினால் கடைசி பெஞ்சு வரை அடங்கும். ஆனால் மாமனார் முன்னால் அவரே பெட்டிப்பாம்பு. மாமனார் ஆரோக்கியநாதன் லேசுப்பட்ட ஆளா? பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்தவர். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. கல்யாணமான பதினோரு வருஷத்தில் மருமகனிடம் அவர் பேசியது இரண்டே இரண்டு வாக்கியம்: "வாங்க மாப்ள", "சாப்டீங்களா மாப்ள". மருமகன் பதிலுக்குச் சொன்னதும் இரண்டுதான்: "வந்தேன் மாமா", "சாப்ட்டேன் மாமா". மற்றதையெல்லாம் மாமியார் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் புண்ணியவதியும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன கிறிஸ்மஸ் கழிந்து ஒரு வாரத்தில் பெரியவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். ஒரே மகள் லில்லி, அவரைப் புதுச்சேரியிலிருந்து கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டாள். கால் ஒரு தடியின் தயவில் தேறிவிட்டது. பீச்சாங்கை மட்டும் தொங்கியது தொங்கியதுதான்.

ஒரு கைதானே, அதுவும் இடது கைதானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சாப்பிடுகிற கை இது, கழுவுகிற கை அது என்று பிறந்ததிலிருந்து பிரித்து வைத்து வாழ்கிற ஜனம் நாம். பெரியவர் குமுறிவிட்டார்.

"சோறு எடுத்து வாயில வெக்கிற கையால அந்த வேலய செய்யறதா? அப்பறம் அதே கையால நெத்தியில சிலுவ போடறதா? சேசுவே!"

மகள் கழுவிவிட வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டார். மருமகன் வந்தார். உள்தாழ்ப்பாள் விழுந்தது. கடைசியில் பெரியவர் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளே போனால்தானே வெளியே வரும்? நாலு இட்லி இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று, ஒன்று பாதியாயிற்று. ஆறடி ஆள் சட்டைக்குள் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியதாகிவிட்டது.

ஒருநாள் சொன்னார்: "புதுச்சேரியில கன்னியாஸ்திரீங்க மடத்துல என்ன மாதிரி கெழவனுங்களுக்கு எடம் தர்றாங்களாம். நான் அங்க போயிடறேம்மா. முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட வெக்கம் கம்மி."

லில்லி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் தோமினிக் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார். துரைமார் விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற கடை ஒன்றில், நாற்காலிகளுக்கும் கண்ணாடிகளுக்கும் நடுவில், ஒரு வளைந்த பித்தளைக் குழாயைப் பார்த்தார். நுனியில் மூக்கு, மூக்கில் பொடிப்பொடியாய் ஐந்து துவாரம்.

"இது வெள்ளக்காரன் வீட்டு கக்கூஸ் சாமான் சார். அடியில மாட்டிட்டு திருவுனீங்கன்னா தண்ணி மேலாக்க பீச்சும். கையே வேணாம்," என்றார் கடைக்காரர்.

கையே வேண்டாம்! தோமினிக்கிற்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவருக்கு ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று கடைக்காரரே விலையைக் குறைத்தார்.

தச்சர் பெரியதம்பி ஒரு நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக்கொடுத்தார். சுவர்மேல் ஒரு டிரம், அதிலிருந்து குழாய், வலது கைக்கு எட்டுகிற இடத்தில் திருகு. முதல் நாள் பெரியவர் உள்ளே போனார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கால் மணி கழித்து வெளியே வந்தார். மீசை நிமிர்ந்திருந்தது.

"லில்லி, நாலு தோச வெய்யி."

லில்லி தோசைக்கல்லின் முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். முதல் தோசை தீய்ந்தது; யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த பெரியவர் மகளிடம் பட்டாளத்துக் கண்டிப்போடு சொன்னார்: "கொழா வேல செய்யற வரைக்கும் நான் இங்க இருப்பேன். அது நின்னா நான் மடத்துக்குப் போறேன். அப்ப யாரும் அழக் கூடாது."

அன்றிலிருந்து அந்தப் பித்தளைதான் குடும்பத்தின் உயிர்நாடி. சனிக்கிழமை தவறாமல் வாத்தியார் அதைக் கழற்றிச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்தார். கோயிலில் பீடத்து விளக்குக்கூட அவ்வளவு பளபளத்ததில்லை.

ஒரு மாதம் ஓடியது. பிறகு முதல் அடைப்பு.

நல்லவேளையாக, உட்காருவதற்கு முன் திருகிப் பார்த்துக்கொள்வது பெரியவரின் பட்டாளத்துப் பழக்கம். வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். மூக்கின் துவாரங்களில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. தோமினிக் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் குத்தும் பின்னை எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். வாசலில் முக்காலி போட்டுப் பெரியவர் காவலுக்கு உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. "வாங்க மாப்ள" என்று சொல்லவும் முடியாது, ஏற்கெனவே வந்துதான் படுத்திருக்கிறார்.

பத்து நிமிஷம் போயிற்று. பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"சைகோன் போறப்ப கப்பல்ல இப்டித்தான் ஒரு கொழா அடைச்சிகிச்சி."

"அப்டியா மாமா?"

அவ்வளவுதான் கேட்டார். கப்பல் புறப்பட்டு, கொழும்பு தாண்டி, புயலில் மாட்டி, சமையற்காரனின் தொப்பி குழாய்க்குள்ளிருந்து வெளியே வரும்போது முக்கால் மணி நேரமாகிவிட்டது. தோமினிக் அன்று முதன்முறையாகப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனார்.

அடுத்த வாரமும் அடைத்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை. ஒரு நாள் ஸ்டவ் பின் உள்ளேயே முறிந்து உட்கார்ந்துகொண்டது.

"கரைச்சி ஊத்துனா போச்சி," என்று மூக்கைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டார் வாத்தியார். அதில் கொஞ்சம் வெல்லமும் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அது லில்லி புளிக்குழம்புக்குக் கரைத்து வைத்தது. மூக்கை மாட்டிய அரைமணியில் செஞ்சிக் கோட்டையிலிருந்த எறும்பெல்லாம் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது.

"மாப்ள! சைகோன்லகூட இப்டி பின்பக்கமா யாரும் தாக்கினதில்ல!" என்று அலறிக்கொண்டு வெளியே வந்தார் பெரியவர்.

விஞ்ஞானம் இருக்கப் புளியை நம்பியது தப்பு என்று தோமினிக் தன்னையே திட்டிக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிறு சீசாவில் ஆசிட் கொண்டுவந்தார். முறிந்த ஸ்டவ் பின் கரைந்தது. ஐந்து துவாரமும் சேர்ந்து ஒரே துவாரமானது. இந்த முறை அவரே திருகிப் பார்த்தார். தண்ணீர் நாற்காலியைத் தாண்டி, ஓட்டில் மோதி, ஞாயிறு பூசைக்காக வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு வாசலில் நின்ற பெரியவரின் தலையில் இறங்கியது.

தோமினிக் கண்ணை மூடிக்கொண்டார். ஆச்சு, போச்சு. மடந்தான்.

ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, மீசையிலிருந்து தண்ணீர் சொட்ட, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பதினோரு வருஷத்தில் அவருக்குப் பல் இருப்பதே தோமினிக்கிற்குத் தெரியாது.

"கல்யாணத்தன்னிக்கு உங்கள பார்த்துட்டு லில்லி அம்மாகிட்ட இன்னா சொன்னேன் தெரியுமா? இந்த ஆளு பூனைக்கே பயப்படுவான்னேன். இப்ப ஆசிட் எடுக்கறீங்க!"

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் மூக்கை அடைத்துப் புதிதாகத் துவாரம் போட்டுத் தந்தார். மறுநாளே அடைத்துக்கொண்டது.

கோளாறு குழாயில் இல்லை, தண்ணீரில்தான் என்று வாத்தியார் முடிவுகட்டினார். பக்கத்து ஊர் சிங்கவரத்தில் விநாயகத்தின் கழனிக் கிணறு கற்கண்டாய் இனிக்கும். சைக்கிளின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்.

"இவ்ளோ தூரம் வந்து மொள்ளுறீங்களே சார், யாருக்கு?" என்று கேட்டார் விநாயகம்.

"மாமனாருக்கு."

"குடிக்கவா?"

தோமினிக் வானத்தைப் பார்த்தார். ஒரு கொக்கு போயிற்று. "ஆமா," என்றார்.

விநாயகத்துக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மாமனாருக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்று மூன்று நாளாகச் சைக்கிள் மிதிக்கிற மருமகனை அவர் பார்த்ததேயில்லை. நாலாம் நாள் மாட்டுவண்டியில் எட்டுக் குடம் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். திண்டாடிப்போன தோமினிக் தடுப்பதற்குள் பெரியவரிடமே கேட்டும்விட்டார்:

"ஐயா, நம்ம கெணத்துத் தண்ணி எப்டி இருக்குது?"

"பேஷ்!" என்றார் பெரியவர் மனசார. "இடுப்புக்குக் கீழ அப்டி ஒரு எதம்!"

சிங்கவரத்தில் இடுப்பு வலி இல்லாத வீடு எது? நாற்று நடுகிற ஊர். விநாயகம் இதை ஊரில் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் கிணற்றைச் சுற்றிக் குடமும் சொம்புமாய்க் கூட்டம். தோமினிக் போய் வரிசையில் நின்றால் முன்னால் நாற்பது இடுப்பு. விநாயகத்தின் வேர்க்கடலைச் செடியெல்லாம் மிதிபட்டுப்போனது. "உங்க மாமனாரால வந்தது சார்," என்று அவர் அழாத குறையாகச் சொன்னார்.

இத்தனையும் பட்டுக் கொண்டுவந்த தேன் மாதிரித் தண்ணீரை ஊற்றியும் குழாய் மறுபடியும் அடைத்துக்கொண்டது. அதே வெள்ளை. இன்னும் கெட்டியாக.

இதுதான் வாத்தியாரை உலுக்கிவிட்டது. எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. காலையில் முதல் காரியம் நாற்காலிக்கு அடியில் படுப்பது என்று ஆகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: படுத்துக்கொண்டு கேட்க நன்றாகத்தான் இருந்தது. மாமியாருக்குப் பெரியவர் சைகோனிலிருந்து எழுதிய கடிதங்கள், லில்லி பிறந்த செய்தி நாலு மாதம் கழித்து வந்து சேர்ந்தது, எல்லாம் சொன்னார். தோமினிக்கும் சொன்னார். நாலு வயசில் அப்பாவைப் பறிகொடுத்தது, அப்பா முகம் ஞாபகமில்லாதது. இதையெல்லாம் அவர் லில்லியிடம்கூடச் சொன்னதில்லை. "அதான் மாப்ள பேச்சு கம்மி," என்று பெரியவர் மெதுவாகச் சொன்னபோது, நாற்காலிக்கு அடியில் வாத்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் தூசு விழுந்துவிட்டது என்றார்.

ஆனாலும் பயம் விடவில்லை. இப்படித் தினம் தினம் நின்றால் பெரியவர் எத்தனை நாள் பொறுப்பார்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோமினிக் நல்ல சேதியோடு வீட்டுக்கு வந்தார்.

"மாமா, இனிமே உங்களுக்குக் கஷ்டமே இல்ல. புதுச்சேரியில புது மாதிரி ஒண்ணு வந்திருக்காம். நாளைக்கே போயி வாங்கிட்டு வந்துடறேன். அது அடைக்கவே அடைக்காதாம்!"

பெரியவரின் மீசை இறங்கியது.

"அடைக்கவே அடைக்காதா?"

"அடைக்கவே அடைக்காது மாமா!"

"கெட்டுப்போறதாவது உண்டா?"

"ஆயுசுக்கும் கெடாதாம்!"

"எதுக்கு மாப்ள... இதுவே போதுமே," என்று முனகிவிட்டுப் பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். லில்லி போட்ட நாலு தோசையில் பாதி தோசை மட்டும் தின்றார். எதற்கு வேண்டாம் என்கிறார்? போகிறவருக்குப் புதுக் குழாய் எதற்கு? லில்லி புருஷனை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"நைனா முடிவு பண்ணிட்டாருங்க. எனக்குத் தெரியும் அவர. மடத்துக்குத்தான்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எப்டியாவது வாங்கிட்டு வந்துடுங்க."

தோமினிக்கிற்கும் அதே கவலைதான். அந்த மனிதர் போய்விட்டால் காலையில் யார் பேச்சைக் கேட்பது? இதை மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், "வாங்கிட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தார். எதிரே வெற்றிலைக் கடை வைத்திருக்கிற அம்மாக்கண்ணு கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"வாத்தியாரே! வாத்தியாரே! ஏறிடாதீங்க, ஒரே ஒரு சந்தேகம்! உங்க மாமனாரு தெனம் சாயங்காலம் தடிய ஊணிகினு நம்ம கடைக்கு வர்றாரு. வெத்தல வேணாம், பாக்கு வேணாம்னு சுண்ணாம்பு மட்டும் ஒரு உருண்ட வாங்கினு போறாரு. இன்னாத்துக்குங்க பெரியவரே வெறும் சுண்ணாம்புன்னு கேட்டா, 'காலையில எம்மாப்ள எங்கூட பேசணும்ல'ன்றாரு! ஏன் சார், சுண்ணாம்புக்கும் பேச்சுக்கும் இன்னா சம்மந்தம்?"